ரகளை ரஞ்சனியின் பதின்மூன்று குறைகள்

வளசரவாக்கத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு பட்டப்பகலில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்த பதினோரு பேரைப் பற்றி யாராவது உங்களிடம் நல்லவிதமாகச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், ஏனென்றால் அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். ஊர்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதும் திருத்துவதும் எங்கள் தொழிலாக இருந்தது. சிரிக்க வைத்தால்தான் திருத்த முடியும் என்று சேனல் சொன்னது, அதனால் முதலில் சிரிக்க வைத்தோம், பிறகு திருத்தினோம், திருத்திய பிறகு எந்தப் பிள்ளையாவது சிரிக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

என் பெயர் பரணி. ஒரு கார்ட்டூன் பாத்திரம் கையை ஓங்கினால் அந்தக் கை எங்கே கிளம்புகிறது, எங்கே போய் நிற்கிறது என்பதை வரைகிறவன் நான். நடுவில் வருகிற படங்களை மற்றவர்கள் போட்டு நிரப்புவார்கள். ஸ்டுடியோ தியோடருடையது, நாங்கள் தியோ சார் என்போம், நாசரேத்துக்காரர், விளம்பரத்தில் ஆடுகிற சோப்புக்கட்டிகளையும் பாடுகிற கொசுவர்த்திச் சுருள்களையும் வரைந்து வரைந்து அலுத்துப்போய், கண்ணை மூடுவதற்குள் ஒரு முழு சீரிஸ் எடுத்துவிட வேண்டும் என்று பதினாறு வருடமாகக் காத்திருந்தவர். அவருக்குக் கிடைத்ததுதான் ‘ரகளை ரஞ்சனி’. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரையிலான ரெண்டுங்கெட்டான் வயதுப் பிள்ளைகளுக்காக, பதினோரு வயது ரஞ்சனி, அவளோடு ஒரு பயந்தாங்கொள்ளி ஆடு, புகை விட்டுக்கொண்டே பறக்கிற ஒரு ஷேர் ஆட்டோ, பதின்மூன்று பாகம், பாகத்துக்கு ஒரு சாகசம், சாகசத்துக்கு ஒரு குறை, குறைக்கு ஒரு பாடம். பத்து நிமிடம் ரஞ்சனி தன் குறையால் ஊரையே தலைகீழாக்குவாள், கடைசி நாற்பது வினாடியில் திருந்தி, கைகட்டி நின்று, ‘நண்பர்களே, இன்று நான் என்ன கற்றுக்கொண்டேன் தெரியுமா?’ என்று கேட்பாள்.

கதை எழுதியவள் உமையாள். தேவகோட்டைப் பக்கத்துப் பெண், கணவர் மஸ்கட்டில், பதினோரு வயதில் ஒரு மகள், யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் ‘சரி சார்’ என்று வாங்கிக்கொள்கிற சுபாவம். சேனலில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஹேமமாலா மேடம், பதின்மூன்று குறைகளின் பட்டியலைச் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னபோது உமையாளுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மகள் தேனம்மையை எழுப்பிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட ஒன்றரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டாள், பன்னிரண்டு குறைகள் கடகடவென்று வந்து விழுந்தன. பதின்மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் நின்றாள். அன்று காலை தேனு ரெட்டைச் சடை போட்டுக்கொள்ள மாட்டேன் என்றிருந்தாள், ராகிக் கஞ்சி குடிக்க மாட்டேன் என்றிருந்தாள், லிஃப்டில் வந்த அப்பார்ட்மெண்ட் செகரெட்டரிக்கு குட் மார்னிங் சொல்ல மாட்டேன், இவர் என் கன்னத்தைக் கிள்ளுகிறார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். உமையாளுக்கு மானம் போயிற்று. அந்தக் கோபம் ஆறாமல் எழுதினாள்: ‘பதின்மூன்று. பெரியவர்கள் சொன்னால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது.’ தியோ சார் படித்துவிட்டு, “இதாம்மா சரியான முத்தாய்ப்பு, இதக் கடைசில வச்சுக்குவோம்” என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை சுவரேறிக் குதிப்பதை வரைய வேண்டுமானால், நிஜப் பிள்ளை ஒன்றைச் சுவரேறிக் குதிக்கச் சொல்லி வீடியோ எடுத்து, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைவோம். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். நாலு மணிக்கு வேன் தேனுவை டயர் கடை வாசலில் இறக்கிவிடும், வீட்டில் ஆள் இல்லாததால் ஆறு மணி வரை எங்களோடுதான் இருப்பாள், அவளைவிட நல்ல ரெஃபரன்ஸ் எங்கே கிடைக்கும்? முதல் பாகத்தின் குறை, பொது இடத்தில் சத்தம் போட்டுச் சிரிப்பது. தேனுவின் சிரிப்பு மூக்கில் தொடங்கும், விக்கலாக மாறும், தன் தொடையில் இரண்டு தட்டு தட்டுவாள், போதாமல் பக்கத்தில் இருப்பவர் தொடையிலும் தட்டுவாள், கடைசியில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆறு நாள் அதை வரைந்தேன். வியாழக்கிழமை ஹேமமாலா மேடம் பார்த்துவிட்டு ஓகே என்று எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நான் ஒயர் தடுக்கி விழுந்து, கையிலிருந்த டீ முழுவதையும் தியோ சாரின் வெள்ளைச் சட்டையில் கொட்டினேன். தேனு உதடு பிரியாமல் புன்னகைத்து, “பாத்துப் போங்க அங்கிள்” என்றாள்.

அவளுடைய சிரிப்பு படத்துக்குள் போய்விட்டது என்பது எங்களுக்கு உடனே புரிந்தது. நல்லா எடுத்தா வரத்தானே செய்யும் என்றார் வண்ணம் போடுகிற ஜெபராணி அக்கா, நம்ம பரணி கை அவ்வளவு சுத்தம் என்றார் தியோ சார், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பிறகு எல்லோரும் அவரவர் மேசைக்குத் திரும்பிப் போனோம். இரண்டாவது, மூன்றாவது பாகம் முடிவதற்குள் இதன் நடைமுறையும் தெரிந்துவிட்டது: எத்தனை தடவை வீடியோ எடுத்தாலும், எத்தனை தடவை வரைந்தாலும் பிள்ளையிடம் ஒன்றும் குறைவதில்லை, மேடம் ஓகே சொல்கிற நொடியில்தான் அது கைமாறுகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. பொய் சொல்லும்போது இடது கண்ணைக் கசக்குவாள், அந்தக் கசக்கலும் போனது, பொய்யும் போனது, மறுநாள் தியோ சார் விளையாட்டாக, “உங்கம்மா என்னப் பத்தி வீட்ல என்ன சொல்லுவாங்க?” என்று கேட்க, “வெள்ளச் சட்ட போட்ட எருமன்னு சொல்லுவாங்க அங்கிள்” என்று பணிவாகப் பதில் சொன்னாள். ஹிந்தி மிஸ் மாதிரி நடந்து காட்டுவது போனது, சுவரேறுவது போனது, தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கேரம் போர்டைக் கவிழ்த்துவிடுவது போனது, எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்பது எட்டாம் பாகத்தில் போனது. அந்த ‘ஏன்?’-ஐ நான் தலையைச் சாய்த்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, இருபத்திரண்டு படங்களில் வரைந்தேன், ஹேமமாலா மேடம் போனிலேயே கைதட்டினார். பாடம் சொல்லும் அந்த நாற்பது வினாடிக்கு மட்டும் எங்களுக்கு ரெஃபரன்ஸ் தேவைப்படவில்லை. அப்படிப் பேசுகிற பிள்ளையை நாங்கள் யாருமே பார்த்ததில்லை, அதனால் சும்மா மனதிலிருந்தே வரைந்தோம். எட்டாம் பாகம் முடிந்தபோது அப்படி ஒரு பிள்ளை தினமும் நாலு மணிக்கு எங்கள் மாடிப்படி ஏறி வந்து, ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கியிருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? வாரி எடுத்துக்கொண்டது. ‘தேனம்மையிடம் நல்ல முன்னேற்றம், இப்படியே தொடரவும்’ என்று கிளாஸ் டீச்சர் டயரியில் எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டார். யாரோடும் சண்டைக்குப் போவதில்லை என்று வேன் டிரைவர் அவளுக்கு முன் சீட்டைக் கொடுத்தார். சுதந்திர தினத்தன்று அப்பார்ட்மெண்ட் செகரெட்டரி அவளுக்குச் சிறந்த குழந்தை என்று பெயர் பொறித்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, கொடுத்த கையோடு கன்னத்தையும் கிள்ளப் போக, அதற்கு மட்டும் தேனு முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டேன் என்றாள், சரி, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது போல என்று எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள். உமையாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு அவள் காலையில் டீயைச் சூடாகக் குடித்தாள், ஒரு சுற்றுப் பெருத்தாள், “பாவம், மெதுமெதுவா புத்தி வருது” என்று கணவரிடம் போனில் சொன்னாள். புத்தி எங்கிருந்து வருகிறது, என்ன எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஆறாம் வகுப்பு பி பிரிவுப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவியது. அடுத்த வாரம் எங்கள் மாடிப்படியில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், டயர் கடைக்காரர் அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டார், பக்கத்தில் இளநீர் வண்டி ஒன்று வந்து நின்றது.

“இவன் சாப்பாட்டுத் தட்டத் தூக்கி எறியறான் சார்,” என்றார் ஓர் அம்மா. “அது மட்டும் போதும். மத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்.”

“கல்யாண மண்டபம் சீன் ஒண்ணு இருக்கும்மா, அதுல பந்தில உக்கார வச்சுடறோம்,” என்றார் தியோ சார். “ஆனா கூட்டத்துல ஒருத்தன்தான். பேர் போட முடியாது.”

“பேரெல்லாம் வேணாம் சார். எடுத்துக்கிட்டாப் போதும்.”

கூட்டத்தில் ஒருத்தனாக நகம் கடிப்பவன் ஒருவனை எடுத்தோம், போன் கேட்டு உருண்டு அழுபவளை எடுத்தோம், தம்பியைக் கிள்ளுபவளை எடுத்தோம். பேங்க் அதிகாரி ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்து, “எப்பப் பாத்தாலும் ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கா சார். என்னடி யோசிக்கறன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. அந்த ஒண்ணுமில்லய எடுத்துடுங்க” என்றார். ஒன்பதாம் பாகத்தில் ரஞ்சனியின் ஆட்டோ ஒரு பஸ்ஸை முந்திப் பறக்கும்போது, பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் தெரிவாள், ஒன்றே கால் வினாடி, அதுதான் அவள்.

படங்களெல்லாம் சேர்ந்துகொண்டே போன சர்வர் அறையின் கதவைத் திறந்தால், அந்த நாட்களில் பள்ளிக்கூட இன்டர்வெல் சத்தம் கேட்கும். ஏ.சி. மெக்கானிக் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சார், உள்ள புள்ளைங்க எதுனா இருக்கா?” என்று கேட்டான். “இல்லப்பா, ஃபைல்தான்” என்றார் தியோ சார். “அப்ப ரெண்டு டன் ஏ.சி. போடுங்க சார், இது தாங்காது” என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

தட்டை எறிகிற பையனின் அம்மா இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பையன் இப்போது போட்டதையெல்லாம் சாப்பிடுகிறான், போதும் என்று யாராவது சொல்லும்வரை சாப்பிடுகிறான், நேற்றுச் சொல்ல மறந்துவிட்டோம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். தியோ சார் கெட்டவர் இல்லை. அந்தப் பந்தி சீனையே அழித்துப் பார்த்தார், பையன் அப்படியேதான் நின்றான். அழித்ததை மீட்டு அவனுக்கே போட்டுக் காட்டினார். பையன் கவனமாகப் பார்த்தான். தட்டு பறந்து போய் மாப்பிள்ளையின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. “இந்தப் பையன் நல்லா எறியறான்” என்று சொல்லிவிட்டு, இனி உட்காரலாமா என்று அம்மாவைக் கேட்டான். அந்த அம்மா எங்களைத் திட்டக்கூட இல்லை, அவன் கையைப் பிடித்துப் படியிறங்கிப் போய்விட்டார். உமையாள் தன் மேசையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பன்னிரண்டு பாகம் ஓகே ஆகியிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், வேனிலிருந்து இறங்கிய தேனுவிடம் டயர் கடையில் வேலை செய்கிறவர், “பாப்பா, இந்த டியூபக் கொஞ்சம் பிடிச்சுக்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்றார். தேனு, “மாட்டேன், அது உங்க வேல” என்றாள். புருவம் உயரவில்லை, கண்ணில் குறும்பு இல்லை, எல்லாம் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் ஒரே ஒரு நாற்காலி கிடப்பதுபோல அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளிடம் இருந்தது. படியில் நின்றிருந்த உமையாள் அதைக் கேட்டாள். மேலே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

“அது ஒண்ணுதாங்க மிச்சம் இருக்கு பரணி. சிரிக்காட்டிப் போறா. ஏன்னு கேக்காட்டிப் போறா. அதுவும் போயிட்டா நான் எப்படி அவளத் தனியா ரோட்ல விடுவேன்? எவனாவது வான்னு கூப்பிட்டா பின்னாடியே போயிடுவாளே.”

பாடத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று தியோ சார் மேடத்துக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில் வைத்தார். மேடம் அன்பாகத்தான் பேசினார். பதின்மூன்று பாடங்களையும் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிற லேபிளாக அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்பியாகிவிட்டது, பதின்மூன்றாம் லேபிளில் ரஞ்சனி கைகட்டி நிற்கிறாள், பிள்ளைகள் ஒட்டியும் விட்டார்கள், இனி எப்படி மாற்றுவது என்று எங்களையே கேட்டார். தியோ சார் போனை வைத்துவிட்டு, “நான் என்னம்மா பண்ணட்டும், சொல்லு” என்றார். “சரி சார்” என்றாள் உமையாள். பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு, சொன்னதைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் அங்கேயே நின்றாள்.

வேறு பிள்ளையை வைத்து எடுக்கலாம் என்று சொன்னதும் உமையாள்தான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எங்களில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வரிசையில் இருந்த பெற்றோர்கள், இருப்பதிலேயே நல்ல குறை இதுதான் என்று முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பிள்ளைகளை எடுத்தோம். ஒருத்தி மாட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னாள், ஒருவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான், இன்னொருத்தி டி.வி.யில் வருவதுபோல இடுப்பில் கைவைத்துச் சொன்னாள். “இது ரஞ்சனியோட மாட்டேன் இல்லியே தியோ” என்றார் மேடம். ஓகே ஆகாததால் மூவரும் தங்களுடையதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், பெற்றோர்கள்தான் எங்களைச் சபித்தார்கள்.

ஆகவே தேனுவையே நிறுத்த வேண்டியதாயிற்று. உமையாள் அன்று லீவு போட்டுவிட்டு மகளை வேறு எங்காவது கூட்டிப் போயிருக்கலாம். போகவில்லை, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவைப் போட்டேன்.

“தேனு, இங்க பாத்து ஒரே ஒரு தடவ மாட்டேன்னு சொல்லும்மா,” என்றார் தியோ சார்.

தேனு அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், லென்ஸைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனது, பொய் எங்கே போனது என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது, இத்தனை நாளும் நாங்கள்தான் அவளைக் கேட்கவே இல்லை.

“சொல்ல மாட்டேன்.”

“அட, அதேதாம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமா...”

“மாட்டேன். இது என்னோடது. எனக்கு வேணும்.”

இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, யூனிஃபார்ம் பாவாடையை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, முகவாயைத் தூக்கி அவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய் உமையாள் இருந்த அறைக் கதவைத் தட்டினாள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருபது வருடத்தில் அப்படி ஒரு ரெஃபரன்ஸை நான் பார்த்ததில்லை. “எடுத்துட்டியா?” என்று தியோ சார் மெதுவாகக் கேட்டார். எடுத்துட்டேன் சார் என்றேன்.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் உமையாள் என்னிடம் வந்தாள். “இத மட்டும் கெடுத்துடுங்க பரணி. நல்லா வராமப் பாத்துக்கோங்க. மேடம் ஓகே சொல்லலன்னா அது அவகிட்டயே இருந்துரும்ல? சீரிஸ் பன்னெண்டோட நின்னா நிக்கட்டும். எனக்காக” என்றாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் சரிங்க என்றேன், மனதாரத்தான் சொன்னேன்.

கெடுத்தேன். முகவாய் உயர வேண்டிய நேரத்துக்குப் பின்னால் உயர்ந்தது, கால் தரையில் படாமல் மிதந்தது, மேடம் திருப்பி அனுப்பினார். மறுபடி கெடுத்தேன், ரஞ்சனி ஈ ஓட்டுகிறவள் போல இருந்தாள், அதையும் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை அவரே நேரில் வந்து, மூச்சு வாங்க மாடியேறி, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பரணிக்குக் கை போயிடுச்சா தியோ? ஹைதராபாத்ல நல்ல ஆள் ஒருத்தர் இருக்காரு, ஷாட்ட அவர்கிட்ட குடுத்துரலாமா?” என்றார். பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலை போய்விடும் என்று பயந்துதான் அதற்குப் பிறகு ஒழுங்காக வரைந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். யார் வரைந்தாலும் அது போகத்தான் போகிறது என்று நினைத்தேன் என்றால் பாதியாவது மன்னிப்பீர்கள். இரண்டும் இல்லை. கை போய்விட்டது என்று பத்துப் பேர் முன்னால் ஒருத்தர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். நாலு நாள் வரைந்தேன், அந்த ஊன்றிய கால்களையும் முஷ்டிக்குள் கசங்கிய பாவாடையையும், சொல் வாயிலிருந்து வருவதற்கு ஒரு படம் முன்னதாகவே கண்ணில் வந்துவிடுகிற அந்த உறுதியையும் ஒன்றுவிடாமல் வரைந்தேன், பக்கத்து மேசையில் உமையாள் உட்கார்ந்திருக்க வரைந்தேன், அந்த நாலு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஓகே வந்தது. ‘இதுவரை செய்ததிலேயே இதுதான் சிறந்தது’ என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், ஜெபராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார், தியோ சார் பதினோரு பேருக்கும் பிரியாணி வரவழைத்தார். உமையாள் தன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நான் போய் அவள் மேசைக்கு முன்னால் நின்றேன். அவள் பெயரைச் சொன்னேன். அவள் திரையில் அந்த ஷாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “ரொம்ப நல்லா வந்திருக்குங்க” என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

நாலு மணிக்கு வேன் வந்தது. தேனு மாடியேறி வந்து ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். உமையாள் போய் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“தேனு, அம்மா சொல்றத நல்லாக் கேளு. தெரியாதவங்க யாராவது வான்னு கூப்பிட்டா, தெரிஞ்சவங்களே கூப்பிட்டாலும், உனக்குப் பிடிக்கலன்னா மாட்டேன்னு சொல்லணும். என்ன?”

“சரிம்மா.”

“சரின்னு சொல்லாதடி. மாட்டேன்னு சொல்லு.”

“மாட்டேன்.”

“இப்ப நான்தான் அந்த ஆளு. உன்னக் கூப்பிடறேன்.” உமையாள் எழுந்து நான்கு அடி பின்னால் போய் நின்று, கையை நீட்டினாள். “பாப்பா, இங்க வா. என்கூட வா.”

“மாட்டேன்” என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே தேனு எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்து, “சரியாச் சொன்னேனாம்மா?” என்று கேட்டாள்.